பின்போல் மெஷினின் கால் ஆடினால்: போல்ட்டா, ரப்பரா, புதுக் காலா, மூலை வேலையா?

கண்ணாடிக்குக் கீழே சரிவில் உருளும் இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் பின்போல் (pinball) மெஷின், முழு அளவு என்றால் 110 கிலோவுக்குக் கிட்ட இருக்கும். அந்தப் பாரம் நாலு இரும்புக் கால்களில், காலுக்கு இரண்டு வீதம் எட்டு போல்ட்டுகளில் நிற்கிறது. ஆடுகிறவரும் சும்மா நிற்கமாட்டார். பந்து ஓரப் பாதையில் நழுவப் பார்த்தால் இடுப்பால் ஒரு தள்ளு, உள்ளங்கையால் ஒரு தட்டு. கொஞ்சக் காலத்தில் கால் ஆடத்தான் செய்யும். (1931இல் வந்த பேஃபிள் போல் போன்ற ஆரம்பகால மெஷின்களைக் கடை மேசை மேல் வைத்தே ஆடினார்கள், இந்தத் தலையிடி அவர்களுக்கு இல்லை.)

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் கொழும்பில் ஆளுக்கொரு பதில் வரும். போல்ட்டை இறுக்கு என்பார் ஒருவர், கீழே ரப்பர் வை என்பார் இன்னொருவர். வெளியிலிருந்து புதுக் கால் எடுப்பிக்கச் சொல்வார்கள், மர பாஸை, அதாவது தச்சரை, கூப்பிடச் சொல்வார்கள். என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன்: போல்ட் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், காசைக் காலில் போடாமல் பெட்டியின் மூலையில் போடுங்கள்.

எங்கே ஆடுகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்கக்கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒருவர் முன் மூலையைப் பிடித்து இடம் வலமாக மெல்ல அசைக்கட்டும். மற்றவர் டோர்ச்சோடு குந்தியிருந்து பார்க்கட்டும். காலுக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி திறந்து மூடினால் போல்ட் பிரச்சினை. கால் பெட்டியோடு ஒட்டியே அசைய, முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் கோடு மயிரிழை அளவுக்கு விரிந்தால் மூலையில் பசை விட்டுவிட்டது. இரண்டும் அசையாமல் ஒரு பாதம் மட்டும் தரையை விட்டு எழும்பினால், அது வெறும் மட்டப் பிரச்சினை.

கடைசியானது சுலபம். காலின் அடியில் உள்ள திருகுப் பாதத்தை நிலத்தைத் தொடும்வரை இறக்கி, மேலே உள்ள பூட்டு நட்டை இறுக்கினால் போதும். பாதத்தை எல்லை வரை வெளியே இழுத்து வைத்தால் அதுவே ஆட்டத்தைக் கூட்டும். முன் பாதங்களை முடிந்த அளவு உள்ளே ஏற்றி, சரிவைப் பின் பாதங்களில் பிடியுங்கள். புதிய மெஷின்களுக்கு 6.5 பாகை சரிவு சரியாக வரும். போனில் அளப்பதென்றால் மேல் கண்ணாடியில் வைத்து அளக்காதீர்கள். கண்ணாடியும் ஆடுதளமும் ஒரே சரிவில் இருப்பதில்லை.

பாதத்துக்கு அடியில் வைக்கும் ரப்பர் கிண்ணத்துக்கு வேறு உபயோகம் இருக்கிறது. டைல்ஸ் தரையில் மெஷின் வழுக்கி நகராது, வெள்ளவத்தை ஃபிளாட் என்றால் கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தமும் குறையும். அதற்காக வாங்குங்கள், கடின ரப்பராக. மெத்தென்ற ரப்பர் தானே ஒரு புது ஆட்டத்தைக் கொண்டுவரும்.

போல்ட் விஷயத்தில்தான் நம் ஊரில் ஒரு பொறி இருக்கிறது. இந்த மெஷின்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் செய்தவை. கால் போல்ட் மூன்று நூல், அதாவது 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. கடையில் கேட்டால் 10 மில்லிமீற்றரை எடுத்து நீட்டுவார்கள். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அது 0.475 மில்லிமீற்றர் கூடுதல் தடிப்பு, மரை இடைவெளியும் வேறு. வலுக்கட்டாயமாக முறுக்கினால், பெட்டியின் உள்ளே போல்ட் ஏறும் தகட்டின் மரை போய்விடும். பழைய போல்ட் ஒன்றைக் கழற்றி, கையோடு பஞ்சிகாவத்தைக்கோ பழைய சோனகத் தெருவுக்கோ கொண்டுபோங்கள். பழைய பிரித்தானிய விற்வேர்த் 3/8 போல்ட்டிலும் அங்குலத்துக்கு 16 மரைதான். மரையின் கோணம் 60 பாகைக்குப் பதில் 55. அவசரத்துக்கு அது ஏறும், நிரந்தரத்துக்கு அமெரிக்க மரையையே தேடுங்கள்.

தகட்டின் மரை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் புதுப் போல்ட்டும் சும்மா சுற்றும். அப்போது இரண்டு வழி. அரை அங்குலம் நீளமான போல்ட் போட்டு, உள்ளே தகட்டுக்குப் பின்னால் ஒரு நட்டை வைத்து இறுக்குவது மலிவானது. கை போக இடம் இருந்தால் இதுவே போதும். இல்லையென்றால் புதுத் தகடு. வெளியிலிருந்து வரும் தகடு அளவாகப் பொருந்தும், ஆனால் காத்திருக்க வேண்டும். வெல்டிங் கடையில் மாதிரியைக் கொடுத்து, தடித்த தகட்டில் நட்டு ஒட்டுவித்தால் அன்றே கிடைக்கும், பழையதை விட உறுதியாகவும் இருக்கும். துளைகளின் தூரம் மட்டும் பிசகக்கூடாது. கடற்கரைப் பக்க வீடுகளில் போல்ட் துரு ஏறி இறுகிவிடும் என்பதால், போடும்போதே மரையில் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள்.

மூலை விட்டிருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு கிழமையில் பழைய கதைதான். கூடவே மரமும் நசுங்கும். இங்கே பாஸ் வேண்டும், அல்லது பொறுமை வேண்டும். பந்துகளை வெளியே எடுத்து, பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியை மடக்கிக் கட்டி, மெஷினின் முன்பக்கத்தை உறுதியான பெஞ்சில் தாங்கவைத்த பிறகே காலைக் கழற்றுங்கள்; தனியாக முயலாதீர்கள். விரிந்த கோட்டுக்குள் மரப்பசையை ஊசியில்லாத சிரிஞ்சால் ஏற்றி, லொறியில் சாமான் கட்டும் ராச்செட் பட்டியைப் பெட்டியைச் சுற்றிப் போட்டு இறுக்க வேண்டும். மூலைகளில் பட்டிக்கு அடியில் மட்டை வைக்க மறந்தால் பெட்டியின் பக்கப்பலகையில் உள்ள படத்தில் தழும்பு விழும். கசியும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். உள்மூலையில் பலா மரத்தில் முக்கோணக் கட்டை ஒன்றை வெட்டி, பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்தி, போல்ட் போகும் துளையை அதனூடாகவே போடுவது நல்லது. தேக்கும் ஆகும், ஆனால் அதன் எண்ணெய்த்தன்மை பசையை அவ்வளவாகப் பிடிக்கவிடாது. ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள், மழைக்காலமென்றால் இரண்டு.

பெட்டி துகள் பலகையாக இருந்து, நம் ஈரக்காற்றில் ஊதிப்போயிருந்தால் ஸ்க்ரூ பிடிக்காது. உள்ளே இரு பக்கமும் ப்ளைவுட் ஒட்டி, அதன் மேல் கட்டையைப் போட வேண்டும்.

புதுக் கால் யாருக்கு? கால் வளைந்திருந்தால், போல்ட் துளை கிழிந்திருந்தால், பாதத்தின் மரை போயிருந்தால். மற்றவர்களுக்கு அது பளபளப்புக்குக் கொடுக்கும் விலை. வாங்குவதென்றால் பழையதை அளந்துவிட்டு வாங்குங்கள், 28.5 அங்குலம் பரவலாக உள்ள அளவு, எல்லா மெஷினுக்கும் அதுவல்ல.

வீட்டுப் பாவனைக்கென்றே வரும் இலேசான சின்ன மெஷின்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் காலே மெலிந்த குழாய், மூலையில் கட்டை வைத்து அதிகம் மாறாது. பின்கால் இரண்டையும் ஒரு குறுக்குப் பட்டையால் இணைப்பதுதான் அங்கே வேலை செய்கிறது. அழகில்லை, ஆனால் சுவரோரம் என்பதால் யாரும் பார்க்கப்போவதில்லை.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்ததும், மெஷினை அதிகம் இடித்தால் ஆட்டத்தை நிறுத்துவதற்காக (டில்ட்) உள்ளே தொங்கும் டில்ட் குண்டைத் திரும்பச் சரிசெய்யுங்கள். ஆடும் மெஷினுக்கு ஏற்றபடி அதைத் தளர்த்தி வைத்திருப்பீர்கள். உறுதியான மெஷினில் அப்படியே விட்டால், எவ்வளவு இடித்தாலும் டில்ட் விழாது.