பெங்களூருவில் தைராய்டு ரோபோ அறுவை: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

தைராய்டு கட்டியோடு பெங்களூரு வருகிற ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களில் பலர் ரோபோ என்றால் 'சின்ன ஆபரேஷன்' என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கழுத்தில் 4 முதல் 6 செ.மீ. கீறினால் தைராய்டு கிட்டத்திலேயே இருக்கிறது. ரோபோவில் அக்குளிலிருந்தோ வாயிலிருந்தோ தோலுக்கு அடியில் சுரங்கம் எடுத்துத்தான் அங்கே போக வேண்டும். நேரம் கூடும், பில்லும் கூடும். குரல் நரம்புக்கும் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் உள்ள ஆபத்து, தேர்ந்த கையில் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதல் காசுக்குக் கிடைப்பது தழும்பு கண்ணில் படாமல் இருப்பது. கல்யாணம் பேசுகிற வீட்டிலோ, கழுத்தில் தழும்பு தடித்து வளர்கிற கெலாய்டு உடம்புக்கோ அது சின்ன விஷயமில்லை.

அக்குள் வழிதான் மூத்தது. தென்கொரியாவில் 2007-ல் ரோபோவுக்கு வந்தது. அக்குளில் 5, 6 செ.மீ. கீறி, மார்புத் தசைக்கு மேலாகத் தோலைத் தூக்கிப் பிடித்து, வாயு நிரப்பாமலே செய்யலாம். தைராய்டின் இரண்டு மடல்களில் (பாதிகளில்) ஒரு பக்க மடல் மட்டும் எடுக்க வேண்டிய ஒல்லியானவருக்கு அருமையான வழி. இரண்டு பக்கமும் எடுக்க வேண்டுமென்றால் மூச்சுக்குழாயைத் தாண்டி மறுபக்க நரம்பைத் தேட வேண்டும், அங்கேதான் திணறல். இன்னொரு சிக்கல் கையை வைக்கிற விதம். மேலே தூக்கி மணிக்கணக்கில் கட்டிவைத்தால் தோள்பட்டை நரம்புக் கற்றை இழுபட்டுக் கை மரத்துப்போகலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனாலும் கையை எந்தக் கோணத்தில் வைப்பார்கள், அந்த நரம்பைக் கண்காணிப்பார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

இரண்டு அக்குள், இரண்டு மார்புக் காம்பு ஓரம் என நான்கு துளை போடுவது 'பாபா' (BABA, ஆங்கிலப் பெயரின் சுருக்கம்) முறை. கழுத்துக்கு நேர் கீழிருந்து பார்ப்பதால் இரு மடலும் சமமாகத் தெரியும். முழுத் தைராய்டும் எடுக்க இது வசதி. ஆனால் நெஞ்சு முழுக்கத் தோலைப் பிரிக்கிறார்கள். சில மாதம் நெஞ்சு மரத்திருக்கும், நீர் கோக்கலாம். காம்பு ஓரத் தழும்பு நன்றாக மறைந்துவிடும் என்றாலும், அந்த இடத்தில் கீறல் என்றதுமே பல பெண்கள் பின்வாங்குகிறார்கள். அது அவர்கள் உரிமை. டாக்டர் வற்புறுத்தக் கூடாது.

வெளியே தழும்பே வேண்டாம் என்றால் வாய் வழி. கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே மூன்று துளை, குறைந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு. ரோபோவின் நான்காவது கைக்காகச் சிலர் அக்குளிலும் ஒரு துளை போடுவார்கள்; அப்படியானால் 'தழும்பே இல்லை' என்ற பேச்சு அங்கே எடுபடாது. மேலிருந்து கீழே பார்ப்பதால் கழுத்தின் நடு நிணநீர் முடிச்சுகள் நன்றாக எட்டும். பெரிய மடலின் மேல் முனை எட்டாது, பக்கக் கழுத்து முடிச்சுகளுக்கு இது வழியே இல்லை. தாடை நரம்பு நசுங்கினால் கீழ் உதடும் தாடையும் மரத்துப்போகும். அபூர்வமாக வாயு ரத்தக் குழாய்க்குள் போவது உயிராபத்து. பெரிய கட்டியை நடுத் துளை வழியே இழுத்தால், அதைப் போட்டு எடுக்கிற பை கிழிந்து கட்டி சிதறலாம். புற்றுநோய் என்றால் அப்படிச் சிதறவே கூடாது. ரோபோ இல்லாமல் சாதாரண எண்டோஸ்கோப்பிலும் இதே வழியில் செய்யலாம், செலவு குறையும். எங்கள் மதிப்பில், வாய் வழிக்கு ஏற்ற சின்னக் கட்டியாக இருந்தால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

காதின் பின்புறம் முடிக்குள் கீறுகிற வழியும் உண்டு. ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சரிப்படும், காது மடல் கொஞ்ச நாள் மரத்திருக்கும்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கிய கழலை (வீங்கிய தைராய்டு), சுற்றுத் தசைக்குள் பரவிய புற்றுநோய், முன்பே கழுத்தில் ஆபரேஷனோ கதிர்வீச்சோ ஆனவர்: இவர்களுக்கு எந்த ரோபோ வழியும் வேண்டாம். திறந்த அறுவையே நல்லது.

டாக்டரிடம் 'ரோபோவில் எத்தனை செய்திருக்கிறீர்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த ஒரு வழியில் எத்தனை தைராய்டு, அதில் எத்தனை பேருக்குப் பாதியில் கழுத்தைத் திறக்க நேர்ந்தது என்று கேளுங்கள். முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை அழுத்தலாம். அன்றிரவே காரில் ஊர் திரும்புகிற யோசனை கூடாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாள்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்; முழுத் தைராய்டு எடுத்தவர் கால்சியம் மாத்திரையை டிஸ்சார்ஜ் அன்றே கையில் வாங்கிக்கொள்ளட்டும்.

காசு விஷயம்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் ரோபோ அறுவையும், அறுவையின்போதான நரம்புக் கண்காணிப்பும் இருக்கின்றன. ரோபோ என்பதற்காக மட்டும் கம்பெனி மொத்தமாகக் கைவிரிக்க முடியாது. ஆனால் உச்சவரம்பு வைக்கலாம், பலரும் வைக்கிறார்கள். பாலிசித் தாளில் அந்த வரியைத் தேடுங்கள். மருத்துவமனை எஸ்டிமேட்டில் ரோபோ கருவிக் கட்டணத்தைத் தனியாக எழுதி வாங்குங்கள். பாதியில் திறந்த அறுவைக்கு மாறினால் அது குறையுமா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.