“யூலெஸ் ஃப்ரீ” டீசல் எஸ்டேட் தேடுகிறவர்களுக்கு: புகைக்குழாயைப் பாருங்கள்

லண்டனிலோ அதைச் சுற்றியோ இருந்துகொண்டு ஐயாயிரம் பவுணுக்குள் ஒரு பழைய டீசல் எஸ்டேட் கார் (பின்பக்கம் நீண்டு, சாமான் ஏற்ற இடம் கூடிய கார்) தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கிய காரில் மைலேஜ் குறைத்துக் காட்டப்படவில்லை. அடிபட்ட காரும் இல்லை. ஃபைனான்ஸ் பாக்கி இல்லை, லொக்புக் (பதிவுப் பத்திரம்) சரி, எம்ஓடி (வருடாந்த வாகனப் பரிசோதனை) புத்தம் புதுசு. அப்படியும் என்னை ஏமாற்றிவிட்டார்கள். எந்தப் பத்திரத்திலும் தெரியாத ஓர் இடத்தில் கைவைத்திருந்தார்கள்.

ஏன் எஸ்டேட் என்று கேட்பீர்கள். தம்பியும் நானும் வார இறுதிகளில் மணவறை அலங்காரம் செய்கிறோம். கழற்றிப் பூட்டும் தூண்கள், பூச்சட்டங்கள், குத்துவிளக்குப் பெட்டி, சுருட்டிய கார்ப்பெட் என்று சாமான்கள் நீளநீளமானவை. வேன் வாங்கினால் வீட்டு வாசலில் நிறுத்த இடமில்லை. வார நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகவும் வேண்டும். ஸ்கோடா ஒக்டேவியா எஸ்டேட்டின் பூட் 610 லீற்றர், அதே காலத்து பஸாட் எஸ்டேட்டில் 650, சுப்பேர்பில் 660. பின் சீற்றை மடித்துவிட்டால் எங்கள் சாமான் முழுக்க உள்ளே போய்விடும். ஓட்டமும் பெரும்பாலும் மோட்டர்வேதான்: லெஸ்டர், மில்டன் கீன்ஸ், கொவென்ட்ரி. இந்த ஓட்டத்துக்கு டீசல் சரியான தெரிவு. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

சரி, எந்த வருடத்துக் கார்? இங்கேதான் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறோம். 2023 ஓகஸ்ட் 29 முதல் யூலெஸ், அதாவது புகை கூடிய வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் வலயம், லண்டன் முழுவதற்கும் வந்துவிட்டது. விதிக்குள் அடங்காத காரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண். டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இருக்க வேண்டும்; பொதுவாக 2015 செப்டெம்பர் முதல் பதிவான கார்கள் அதில் அடங்கும். அடுத்தது ரோட் டாக்ஸ். 2017 ஏப்ரல் 1க்கு முன் பதிவான காருக்கு கார்பன் அளவை வைத்து வரி. புகை குறைந்த டீசல் கார்கள் பலவற்றுக்கு வருடத்துக்கு 20 பவுணோடு முடிந்துவிடும். அந்தத் தேதிக்குப் பிறகு பதிவான காருக்கு 2025 கணக்கில் 195 பவுண். ஆகவே 2015 செப்டெம்பருக்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் பதிவான டீசல் எஸ்டேட்தான் எங்களைப் போன்றவர்களின் தேடல். இது டீலர்மாருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வயதுக் கார்கள் பெரும்பாலும் ஒரு லட்சம் மைல் தாண்டியவை. ஒரு லட்சத்தைத் தாண்டிய டீசலில் முதலில் மூச்சு முட்டுவது டிபிஎஃப். எஞ்சின் விடும் கரியைப் புகைக்குழாய் வழியில் பிடித்து வைத்திருக்கும் ஃபில்டர் அது. பிடித்த கரியை அவ்வப்போது ஏறத்தாழ 600 பாகை சூட்டில் எரித்துத் தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும். அந்தச் சூடு வர மோட்டர்வே ஓட்டம் வேண்டும். பள்ளிக்கூடம், கடை, வீடு என்றே ஓடிய காரில் எரிதல் பாதியில் நின்றுநின்று ஃபில்டர் அடைத்துவிடும். மைல் கூடக்கூட எரியாத சாம்பலும் உள்ளே சேரும். புதுசு போட ஆயிரம் பவுணுக்கு மேலே. எனக்குச் சொன்ன விலை 1,400. விற்பதே ஐயாயிரத்துக்குள் என்றால் எந்த டீலர் அதைச் செய்வான்? ஆகவே சிலர் குறுக்குவழி போகிறார்கள். ஃபில்டர் இருக்கும் டப்பாவைக் கழற்றி, வெட்டித் திறந்து, உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு, திரும்ப ஒட்டவைத்துப் பூட்டிவிடுவார்கள். பிறகு எஞ்சின் கம்ப்யூட்டரில் அந்த ஃபில்டரைப் பற்றிய எச்சரிக்கை எதுவும் வராதபடி மென்பொருளை மாற்றிவிடுவார்கள். டாஷ்போர்டில் ஒரு லைட் எரியாது.

இதில் கவனிக்க வேண்டியது, இப்படிச் செய்த கார் ஓட்டும்போது முன்னையதைவிட நன்றாக இருக்கும். அடைப்பு போய்விட்டதல்லவா, இழுவை கூடும். நான் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருந்த யார்டில் அந்தக் காரை ஓட்டிப் பார்த்தபோது இந்த மைலேஜில் இவ்வளவு உசாரான காரை நான் கண்டதேயில்லை. என்ன மேக் என்று சொல்லப்போவதில்லை. செய்த கம்பெனியில் பிழை இல்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் “யூலெஸ் ஃப்ரீ, 20 பவுண் டாக்ஸ், ஒரே ஒரு முன்னாள் உரிமையாளர்” என்று போட்டிருந்தது. மூன்றும் உண்மைதான். யூலெஸ் கமரா நம்பர் பிளேட்டைத்தான் படிக்கும். புகைக்குழாய்க்குள் எட்டிப் பார்க்காது. பதிவேட்டில் யூரோ 6 என்று இருந்தால் உள்ளே ஃபில்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் “ஃப்ரீ”.

4,950 கேட்டார்கள், 4,750க்கு முடித்தேன். காரைப் பிடித்து வைக்க 200 பவுண் முன்பணத்தை போனிலேயே கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். மீதியை பாங்க் ட்ரான்ஸ்ஃபர்தான் என்றார்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் “ட்ரேட் சேல், சோல்ட் ஆஸ் ஸீன்” (வியாபாரிக்கு விற்பது, உள்ளது உள்ளபடி விற்பது) என்று அச்சடித்திருந்தது. கேட்டதற்கு, “அது எல்லாப் பில்லிலும் இருக்கும், சும்மா ஒரு வழக்கம்” என்றான் விற்ற டீலர் சிரித்துக்கொண்டே. மிக மரியாதையான பையன். தேத்தண்ணீர்கூடப் போட்டுத் தந்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை முழுச் சாமானோடு எம்1 மோட்டர்வேயில் லெஸ்டருக்குப் போனோம். பின்னால் தன் காரில் வந்த மச்சான் போன் எடுத்தான்: “அண்ணை, நீங்கள் ஒவ்வொருமுறை மிதிக்கவும் கறுப்பாகப் புகை வருது, எனக்கு ஒண்டும் தெரியேல்லை.” யூரோ 6 டீசலில் கண்ணுக்குத் தெரிகிற கறுப்புப் புகை வரக்கூடாது.

எனக்குத் தெரிந்த தமிழ் மெக்கானிக் ஒருவர் தென் லண்டனில் ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கிறார். திங்கட்கிழமை அவரிடம் கொண்டுபோனேன். அவர் பொனெட்டைத் திறக்கவேயில்லை. எஞ்சின் ஆறியிருந்த நேரம் ஒரு டிஷ்யூவை எடுத்துப் புகைக்குழாயின் உட்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். மை தொட்டதுபோல் வந்தது. ஃபில்டர் வேலை செய்கிற காரில் அந்த உட்பக்கம் கிட்டத்தட்டத் துப்புரவாக இருக்குமாம். பிறகு காரை உயர்த்தி, கீழ் மூடியைக் கழற்றி, லைட் அடித்துக் காட்டினார். டப்பாவைச் சுற்றி ஒரு வெல்டிங் கோடு, அதன்மேல் வெள்ளிப் பெயின்ட். கடைசியாக ஸ்கானரைச் செருகினார். ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சர் அளக்கும். ஃபில்டர் இருந்தால் மிதிக்க மிதிக்க அந்த எண் ஏற வேண்டும். எங்கள் காரில் எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு முடுக்கியும் பூச்சியத்தை விட்டு நகரவில்லை.

“தம்பி, டப்பா மட்டும்தான் இருக்குது. உள்ளுக்கு ஒண்டும் இல்லை” என்றார்.

இது வெறும் புகைப் பிரச்சினை இல்லை. 2014 பெப்ரவரியிலிருந்து, கம்பெனி போட்ட டிபிஎஃப் காணாமல் போயிருந்தால் எம்ஓடியில் பெயில். 2018 மே மாதத்திலிருந்து, டிபிஎஃப் உள்ள காரில் எந்த நிறத்திலாவது புகை தெரிந்தாலும் பெயில். அப்படிப்பட்ட காரைத் தெருவில் ஓட்டினால் 1,000 பவுண் வரை அபராதம் விதிக்கலாம், அதுவும் ஓட்டுகிறவருக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் எஞ்சின் மென்பொருளை மாற்றியதாகவும் ஆகிவிடும். அப்படியென்றால் விற்பதற்கு முந்தின நாள் எடுத்த எம்ஓடியில் எப்படிப் பாஸ் ஆனது? பரிசோதிப்பவர் டப்பாவைத் திறந்து பார்க்கப்போவதில்லை. வெளியில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்ப்பார். அவ்வளவுதான் சொல்லலாம். பிழையாகப் பாஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று எம்ஓடியை மேற்பார்க்கும் அரசாங்க அமைப்பான டிவிஎஸ்ஏக்கு முறையிட 28 நாள்தான் அவகாசம் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

அடுத்ததுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி, ஏனென்றால் டீலர் உண்மையில் விளையாடியது இங்கேதான். 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் அக்ட் (நுகர்வோர் உரிமைச் சட்டம்) படி, டீலரிடம் வாங்கிய கார் பழுதானதாகவோ சொன்னபடி இல்லாததாகவோ இருந்தால் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். 30 நாள் தாண்டினால் திருத்திக் கொடுக்க அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு திருப்பினால் ஓடிய ஓட்டத்துக்குக் காசைக் கழிக்கலாம். ஆகவே அவன் நாளைக் கடத்தத்தான் பார்ப்பான். எனக்கு முதலில் “செவ்வாய்க்கிழமை கொண்டுவாங்கோ, பார்க்கலாம்” என்ற பதில் வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு முதல்நாள், டெக்னீஷியனுக்குச் சுகமில்லை. பிறகு, டிபிஎஃப் என்பது தேய்மானச் சாமான், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. பிறகு, நீங்கள் டவுனுக்குள் ஓட்டியதால்தான் கெட்டது. தேய்ந்துபோன ஃபில்டர் வேறு, வெட்டி எடுத்த ஃபில்டர் வேறு என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. எல்லாம் போனில் கதைக்கத்தான் கூப்பிடுவார்கள். எழுத்தில் ஒன்றும் தரமாட்டார்கள். “காரை நிராகரிக்கிறேன், முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்” என்று தேதியோடு ஈமெயில் போட்டால்தான் அது கணக்கு. அதை 30 நாள் முடியுமுன் போட்டுவிட்டேன்.

கடைசியில் அந்தப் பொடி எழுத்தைக் காட்டினார்கள்: ட்ரேட் சேல், சோல்ட் ஆஸ் ஸீன். சாதாரண வாடிக்கையாளருக்கு விற்கும் டீலர் இந்த வரியை எழுதி உங்கள் உரிமையை இல்லாமல் செய்ய முடியாது. எங்கள் சனம் நிறையப் பேர் இந்த வரியைக் கண்டதும் “கையெழுத்துப் போட்டுவிட்டோமே” என்று விட்டுவிடுகிறார்கள். அதை நம்பித்தான் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று: தனியாள் ஒருவரிடம் வாங்கினால் இந்த 30 நாள் உரிமை கிடையாது. அதனால்தான் சில டீலர்மார் வீட்டு வாசலில் வைத்து “மனைவியின் கார்” என்று விற்கிறார்கள். லொக்புக்கில் உள்ள பெயரும் முன்னால் நிற்கிற ஆளும் வேறு என்றால் அங்கேயே திரும்பி வாருங்கள்.

எனக்குக் காசு திரும்பி வந்தது டீலரால் இல்லை, அந்த 200 பவுண் முன்பணத்தால். 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் அக்டின் (நுகர்வோர் கடன் சட்டத்தின்) 75ஆம் பிரிவின்படி, விலை 100 பவுணுக்கு மேலும் 30,000க்கு உள்ளும் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், முழு விலைக்கும் கார்ட் கொடுத்த பாங்கும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இது இல்லை. பாங்க் முதலில் மறுத்தது. தனியான பரிசோதனை அறிக்கை, வெல்டிங் படம், ஸ்கானர் எண்கள், ஈமெயில்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிய பிறகு 4,750 முழுவதையும் தந்தது. இன்ஷூரன்ஸ் ரத்துக் கட்டணம், இடையில் வந்த கல்யாணங்களுக்கு வேன் வாடகை, அறிக்கைக்குக் கொடுத்தது எல்லாம் கையை விட்டுப் போனவை.

இப்போதும் நான் டீசல் எஸ்டேட்தான் தேடுகிறேன். யார்டுக்குப் போகும் முன்னே “வரும்வரை எஞ்சினைச் சூடாக்க வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறேன். போனதும் டிஷ்யூ. அரசாங்க இணையத்தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் பழைய எம்ஓடிகள் எல்லாம் இலவசமாக வரும். முன்னைய வருடங்களில் புகை பற்றி எழுதியிருந்து பிறகு திடீரென்று மறைந்திருந்தால், ஃபில்டர் மாற்றிய பில் எங்கே என்று கேட்கிறேன். மஸ்டா 6இன் 2.2 டீசல் என்றால் டிப்ஸ்டிக்கையும் (எஞ்சின் ஒயில் அளக்கும் கம்பியையும்) பாருங்கள்: ஃபில்டர் எரிப்பு பாதியில் நின்றால் டீசல் எஞ்சின் ஒயிலோடு கலந்து ஒயில் மட்டம் மேலே ஏறும். டொயோட்டா அவென்ஸிஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பவர்களுக்கு, 2015 புதுப்பிப்புக்குப் பிறகு அதில் வந்தது பிஎம்டபிள்யூவின் டீசல் எஞ்சின். மோசமென்று சொல்லவில்லை. டொயோட்டா என்ற பெயருக்காக மட்டும் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பழைய காரை டீலர் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸில் முறைப்பாடு போட்டிருக்கிறேன், அவர்கள் வியாபாரிகளைக் கண்காணிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குக் கொடுப்பார்கள். போன வாரம் அதே கார் வேறு ஒரு யார்டின் பெயரில் திரும்ப விளம்பரத்தில் வந்திருக்கிறது. சாம்பல் நிறம், 66 பிளேட் (பதிவான காலத்தைக் காட்டும் எண்), இப்போது 4,995. யூலெஸ் ஃப்ரீ என்றுதான் போட்டிருக்கிறார்கள்.