பாளையங்கோட்டையில் பத்து மாத கேட் பயிற்சி: என் அனுபவம்

சேரன்மகாதேவியிலிருந்து காலை ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷன். அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை, ஏப்ரல் முதல் ஜனவரி வரை அங்கே சிவில் பிரிவுக்கு கேட் (GATE, பொறியியல் பட்டதாரிகளுக்கான அகில இந்தியத் தகுதித் தேர்வு) பயிற்சி பெற்றேன். கட்டணம் 42,000 ரூபாய், இரண்டு தவணை. அப்போது ஒரு ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். சம்பளம் 15,000, சனிக்கிழமை வராததற்காக அதில் மாதம் 2,000 பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தின் அருமை தெரிந்தவள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. என் வருத்தங்களில் பல வேறு மையங்களிலும் உண்டு என்று அங்கே படித்த தோழிகள் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மண் இயக்கவியல் நடத்திய ஆசிரியரைப் போல ஒருவரை நான்கு வருட பி.இ. படிப்பில் நான் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணை உலர்த்திச் சலித்துக் கொண்டுவந்தார். பத்துப் பத்து கிராமாக நிறுத்து, இரண்டு அளவுச் சாடிகளில் போட்டார். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். "நாளைக்கு வந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டார். மறுநாள் மண்ணெண்ணெய்ச் சாடியில் மண் போட்டபடியே கிடந்தது. தண்ணீர்ச் சாடியில் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பொங்கி நின்றது. மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கு இடையே தண்ணீரை இழுத்துக்கொள்வதும், மண்ணெண்ணெயை அப்படி இழுக்காததும் அதன் பிறகு எனக்கு மறக்கவேயில்லை. அடுத்து சாத்தான்குளத்துத் தேரி மணலை அதேபோல் வைத்துக் காட்டினார். அது இரண்டு சாடியிலும் அசையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குள் ஏதோ திறந்தது. நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்று கரிசல் காட்டில் இருந்தது. மழைக்குப் பிறகு சுற்றுச்சுவர் வெடிக்கும், சிமென்ட் பூசுவோம், அடுத்த மழையில் அதே இடம் வெடிக்கும். அங்கே அஸ்திவாரத்தை மண்ணின் ஈரம் மாறாத ஆழம் வரை இறக்கி, அடியில் குமிழ் போல அகலப்படுத்திய பைல் (நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டிருக்க வேண்டும். எங்கள் சைட்டில் அப்படி யோசித்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் நானாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கட்டமைப்பு, நீர்வளம் இரண்டும் நன்றாக நடந்தன. சுற்றுச்சூழல் பொறியியலை ஆறு வகுப்புகளில் ஓட்டிவிட்டார்கள். கேட் தேர்வின் 100 மதிப்பெண்ணில் 15 பொதுத்திறன் பகுதிக்குரியது; அதற்கு ஆசிரியரே கிடையாது, அச்சடித்த தாள்களைக் கொடுத்து வீட்டில் படிக்கச் சொன்னார்கள். 15 மதிப்பெண் சின்ன விஷயம் இல்லை.

பெரிய குறை மாதிரித் தேர்வுகளில். உண்மையான தேர்வு மூன்று மணி நேரம், 65 கேள்விகள், முழுவதும் கணினியில். சொந்தக் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்தித்தான் கணக்குப் போட வேண்டும். இந்த மையத்தில் டிசம்பர் வரை தேர்வுகள் காகிதத்தில், அவரவர் கால்குலேட்டரோடு நடந்தன. ஜனவரியில் தம்பியின் மடிக்கணினியில் முதன்முறையாக முழுத் தேர்வு எழுதிப் பார்த்தபோது 11 கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. அன்றிரவு அழுதேன். மாதிரித் தேர்வுகளுக்கு மையம் கொடுத்த விடைக் குறிப்புகளில் இரண்டில் விடைகளே தவறாக இருந்தன. எடுத்துச் சொன்ன பிறகு திருத்தினார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது சேர்க்கை மேசையை நினைத்தால்தான். சுவரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் படம். "கேட் எழுதி எம்.இ. (முதுநிலைப் பொறியியல்) முடித்தால் அங்கே வேலை" என்றார் மேசையில் இருந்தவர். இது தவறு, பலருடைய வாழ்க்கையைத் திசைமாற்றக்கூடிய தவறு. கூடங்குளத்தை நடத்தும் அணுமின் கழகம் எக்ஸிகியூட்டிவ் டிரெய்னி (பயிற்சி நிலை அதிகாரி) பணிக்குக் கேட்பது 60 சதவீதத்தோடு பொறியியல் பட்டமும் கேட் மதிப்பெண்ணும். அதன் பிறகு நேர்முகத் தேர்வு. எம்.இ. தேவையில்லை. வயது வரம்போ பொதுப் பிரிவினருக்கு 26, ஓ.பி.சி. பிரிவினருக்கு மூன்று ஆண்டு சலுகை.

என்னோடு படித்த ராதாபுரத்து அண்ணனுக்கு அப்போது 28 வயது. எம்.இ. சேர்வதற்காகக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். அவரை நிறுத்தியவர் அதே மண் இயக்கவியல் ஆசிரியர். அக்டோபரில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் கேட்டார்.

"எம்.இ. எதற்கு?"

"வேலைக்கு, சார்."

"எந்த வேலைக்கு?"

யாரிடமும் பதில் இல்லை. ஒரு மணி நேரம் பலகையில் எழுதிக் காட்டினார். பொதுத்துறை வேலைதான் ஆசை என்றால் கேட் மதிப்பெண்ணோடு உடனே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வருடம் எம்.இ. படிப்பதற்குள் வயது கடந்துவிடும். பொறியியல் கல்லூரியில் கற்பிக்க வேண்டுமென்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) விதிப்படி எம்.இ. கட்டாயம், ஆனால் அரசுக் கல்லூரியின் தொடக்க அடிப்படைச் சம்பளமான 57,700 ரூபாயை மனத்தில் வைத்துக்கொண்டு தனியார் கல்லூரிக்குப் போகக் கூடாது. என் சீனியர் அக்கா ஒருவர் எம்.இ. முடித்துவிட்டு 18,000-க்கு வகுப்பெடுக்கிறார். அஸ்திவார வடிவமைப்பு, உயரக் கட்டடம், சுரங்கப்பாதை, ஆராய்ச்சி ஆகியவற்றில்தான் எம்.இ. படிப்பின் முழுப் பலன் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். கேட் தகுதியோடு முழுநேர எம்.இ. சேர்ந்தால் ஏ.ஐ.சி.டி.இ. உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். 24 மாதத்துக்கு 2,97,600. தமிழ்நாட்டின் எம்.இ. நுழைவுத் தேர்வான சீட்டாவை மட்டும் எழுதிச் சேர்ந்தால் இந்தத் தொகை கிடையாது. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும் என்பதால் ஒரு வருடம் தவறினாலும் பதற வேண்டியதில்லை. இதைச் சேர்க்கை மேசையில் ஒருவரும் சொல்லவில்லை. மாறாக, 2023 முதலே எம்.இ. சேர்க்கைக்குப் பழைய நுழைவுத் தேர்வான டான்செட் போய் சீட்டா வந்துவிட்ட பிறகும், பழைய டான்செட் குறிப்புகளை 900 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ராதாபுரத்து அண்ணன் கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். முதல் முயற்சியிலேயே நேர்முகத் தேர்வு வரை போனார், முடிவுக்குக் காத்திருக்கிறார். நான் கிண்டியில் மண் இயக்கவியலும் அஸ்திவாரப் பொறியியலும் படிக்கும் எம்.இ. மாணவி. முதல் உதவித்தொகை வந்த அன்று அப்பாவுக்கு 5,000 அனுப்பினேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது சேரப்போகிறவர்களுக்கு: சிவில் பிரிவு என்றால் அந்த மாடிக்குத் தாராளமாகப் போகலாம். பணம் கட்டும் முன் மண் இயக்கவியலை இந்த ஆண்டு யார் நடத்துகிறார் என்று கேளுங்கள். மாதிரித் தேர்வு எந்த மாதத்திலிருந்து கணினியில் என்று கேட்டு, பதிலை ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள். இரண்டாம் தவணையை அக்டோபர் வரை தள்ளி வைக்கச் சம்மதிக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். மே மாதம் ஆசிரியரிடம் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பின் அறையில் புதிதாக எட்டுக் கணினிகள் இருந்தன. சுவரில் கூடங்குளத்தின் படம் அப்படியேதான் இருக்கிறது.