அமுக்கராவா (அஸ்வகந்தா), நெருஞ்சிலா, வெந்தயமா?

"டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்", அதாவது ஆண் ஹார்மோனைக் கூட்டுவது, என்று விற்கும் மூலிகை டப்பாக்களைத் திருப்பிப் படித்தால் இந்த மூன்றில் ஒன்று கண்ணில் படாமல் போகாது. எதற்கு ஆதாரம் அதிகம், எதில் ஆபத்து குறைவு என்று கேட்டால், இரண்டுக்கும் ஒரே பதில் வராது என்பதுதான் சிக்கல்.

நெருஞ்சிலை முதலிலேயே கழித்துவிடலாம். 1980களில் பல்கேரிய பளுதூக்கும் வீரர்களால் வந்த புகழ் இது. 2005இல் 21 இளைஞர்களுக்கு 4 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், ஹார்மோன் அசையவில்லை. 2007இல் ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களிடம் சோதித்தபோதும் தசையிலோ பலத்திலோ கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. நீர்க்கடுப்புக்கு நம் ஊரில் கஷாயம் வைப்பது வேறு விஷயம்.

அமுக்கராவுக்குத்தான் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. 2015இல் எடைப்பயிற்சியில் புதிதாக இறங்கிய 57 ஆண்களில் ஒரு பாதிக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாறு தினம் இரண்டு வேளை, 8 வாரம். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 96 நானோகிராம் கூடியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 18. பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஆணுக்கு இயல்பான அளவே ஏறக்குறைய 300 முதல் 1000 வரை. ஒரே ஆளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும். ஆய்வுகளும் சிறியவை, குறுகியவை. பலவற்றுக்கு மருந்து கொடுத்ததே அதை விற்கிற கம்பெனிகள்தான்.

பயமும் இதில்தான் அதிகம். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் இதைச் சாப்பிட்ட 5 பேருக்கு மஞ்சள் காமாலையும் கடும் அரிப்பும் வந்ததை 2020இல் பதிவு செய்தார்கள். ஐவரும் தேறிவிட்டார்கள். தைராய்டு அளவையும் இது ஏற்றக்கூடும். 2023இல் டென்மார்க் தடையே போட்டுவிட்டது. தைராய்டு, கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள் தொடவே வேண்டாம் என்பேன்.

வெந்தயச் சாறு நடுவில் நிற்கிறது. 2011 ஆய்வில் தினம் 600 மில்லிகிராம் எடுத்தவர்கள் பாலுணர்வு கூடியதாகச் சொன்னார்கள், ஹார்மோனோ இயல்பு எல்லையிலேயே இருந்தது. மற்ற ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கலாம். வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். வியர்வை மணக்கும், அது போகட்டும்.

இவற்றில் நான் எதற்கும் காசு கொடுக்க மாட்டேன். சோர்வும் ஆர்வக்குறைவும் இருந்தால் காலையில் ரத்தப் பரிசோதனை, குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி, அப்புறம் டாக்டர். மீறி வாங்குகிறவர்கள் ஒற்றை மூலிகையாவது வாங்கட்டும். ஆண்மைக்கு என்று விற்கும் பல "மூலிகை" கலவைகளில் சொல்லாமல் சில்டெனாபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ரத்த அழுத்தத்தை உயிர் போகிற அளவுக்கு இறக்கிவிடும்.