மட்டில்டாஸ் பின்னால் ஐந்து ஆட்டங்கள்: 2023 மகளிர் உலகக் கோப்பை, ஒரு பார்வையாளரின் மதிப்புரை

ஒரே அணியை, அதன் முதல் ஆட்டத்திலிருந்து அது வெளியேறும் வரை மைதானம் மைதானமாகப் பின்தொடர நினைக்கும் ஒருவருக்கு, 2023 ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 20 வரை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்திய மகளிர் கால்பந்து உலகக் கோப்பை எந்த அளவுக்கு வசதியாக இருந்தது என்பதே இந்த மதிப்புரையின் பொருள். ஆட்டத்தை அலசி எழுதப் பலர் இருக்கிறார்கள்; நான் எழுதப்போவது நுழைவுச்சீட்டு, இருக்கை, ரயில், தங்குமிடம், சட்டை ஆகியவற்றைப் பற்றி. சிட்னியின் மேற்கே, நம் மக்கள் நிறையப் பேர் குடியிருக்கும் வென்ட்வொர்த்வில்லில் வசிக்கும் நானும் என் பதினொரு வயது மகளும், மட்டில்டாஸ் என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய அணியின் ஏழு ஆட்டங்களில் ஐந்தை நேரிலும் இரண்டைத் தொலைக்காட்சியிலும் பார்த்தோம்.

முதலில் விலை. பெரியவர்களுக்கு 20 ஆஸ்திரேலிய டாலரிலும் குழந்தைகளுக்கு 10 டாலரிலும் நுழைவுச்சீட்டு தொடங்கியது. உலகக் கோப்பை என்ற பெயருக்கு இது மலிவு என்றே சொல்வேன். நாங்கள் சென்ற ஆட்டங்களில் பள்ளிச் சிறுமிகள் கூட்டம் கூட்டமாக வந்திருந்ததற்கு இந்த விலை ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. அயர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டம் ஏறத்தாழ 42,000 பேர் அமரக்கூடிய சிட்னி கால்பந்து மைதானத்தில்தான் முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. கேட்டவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து, அமைப்பாளர்கள் அதை ஒலிம்பிக் பூங்காவில் உள்ள ஸ்டேடியம் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றினார்கள். 75,784 பேர் வந்து அதையும் நிரப்பினார்கள். மகளிர் கால்பந்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பதை எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறவர்கள் இந்த முறை நேரத்தோடு திருத்திக்கொண்டார்கள் என்பதற்காக ஒரு மதிப்பெண் கூடுதலாகவே தரலாம்.

அணியைப் பின்தொடர்கிறவருக்கு உண்மையான சிக்கல் அட்டவணையில் இருந்தது. சீட்டு என்பது ஒரு நகரத்துக்கும் ஒரு தேதிக்கும் உரியது. அன்று அங்கே யார் ஆடுவார்கள் என்பது முந்தைய முடிவுகளைப் பொறுத்தது. ஆஸ்திரேலியா இருந்த ‘பி’ பிரிவில் முதலிடம் பெறும் அணி ஆகஸ்ட் 7 அன்று சிட்னியிலும், இரண்டாமிடம் பெறும் அணி அதே நாளில் பிரிஸ்பேனிலும் ஆட வேண்டும். சிட்னியில் வெல்லும் அணி காலிறுதிக்குப் பிரிஸ்பேன் போக வேண்டும். பிரிஸ்பேனில் வெல்லும் அணி காலிறுதிக்குச் சிட்னி வர வேண்டும். இரு நகரங்களுக்கும் இடையே சாலை வழியாகத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருப்பதால், ஒரு கோல் இடம் மாறினால் விசிறிகளின் பயணத் திட்டம் முழுவதும் தலைகீழாகிவிடும்.

அப்படித்தான் கிட்டத்தட்ட ஆனது. ஜூலை 27 அன்று பிரிஸ்பேனில் நைஜீரியாவுக்கு எதிரான ஆட்டத்தில், கெண்டைக்கால் காயத்தால் அணித்தலைவி சாம் கெர் ஆடவில்லை; பயிற்சியில் தலையில் அடிபட்டிருந்த மேரி ஃபௌலரும் இல்லை. எமிலி வான் எக்மண்ட் அடித்த கோலில் முன்னிலை பெற்ற ஆஸ்திரேலியா, அதன்பின் மூன்று கோல்களை வாங்கி 2-3 என்று தோற்றது. ஆட்டம் முடிந்து விடுதிக்கு நடக்கும்போது நான் கையில் அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். “அம்மா, நாம அழணுமா, டிக்கெட் மாத்தணுமா, முதல்ல அதைச் சொல்லு” என்றாள் மகள். நான்கு நாள் கழித்து மெல்போர்னில் ஒலிம்பிக் சாம்பியனான கனடாவை 4-0 என்று வென்று பிரிவில் முதலிடம் பிடித்ததால், வைத்திருந்த சிட்னிச் சீட்டு செல்லுபடியானது. அந்த ஆட்டத்தை நாங்கள் வீட்டிலிருந்தே பார்த்தோம். ஹேலி ராசோ அடித்த இரண்டாவது கோலின்போது எங்கள் குடியிருப்பின் மேல்மாடியிலிருந்தும் கூச்சல் கேட்டது.

ஸ்டேடியம் ஆஸ்திரேலியாவின் இருக்கைகளைப் பற்றி இரு மனமாக இருக்கிறேன். 2000 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட அந்த மைதானத்தில் மேலடுக்கில் அமர்ந்தால் வீராங்கனைகளின் முகம் தெரியாது. சட்டை எண்ணையும் ஓடும் விதத்தையும் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அயர்லாந்து ஆட்டத்தின் 52-ஆவது நிமிடத்தில் ஸ்டெஃப் காட்லி பெனால்டியைக் கோலாக்கினார் என்பது தெரிந்தது; அந்தப் பெனால்டி எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைத் திரையில் காட்டிய பிறகே புரிந்துகொண்டேன். ஆனால் ஆகஸ்ட் 7 அன்று டென்மார்க்குக்கு எதிரான ஆட்டத்தில் அதே உயரம்தான் எங்களுக்கு வாய்த்த பேறு. 29-ஆவது நிமிடத்தில் நடுக்களத்திலிருந்து மேரி ஃபௌலர் இடது காலால் அனுப்பிய நீண்ட பந்து, டென்மார்க்கின் தடுப்பு வரிசையைக் கிழித்துக்கொண்டு, அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த கெய்ட்லின் ஃபோர்டுக்காகக் காலியாகக் கிடந்த இடத்தை நோக்கிப் போனது. கீழடுக்கில் இருந்தவர்களுக்கு ஃபோர்டின் கோல் தெரிந்திருக்கும்; அந்தக் காலி இடம் எங்களுக்குத்தான் தெரிந்தது. அதனால், ஆட்டத்தைப் புரிந்து பார்க்க விரும்புகிறவர் மலிவான மேலடுக்குச் சீட்டை வாங்கத் தயங்க வேண்டாம். ஒரு தொலைநோக்கியை மட்டும் எடுத்துச் செல்லலாம். ஆகஸ்ட் மாத இரவில் அங்கே அடிக்கும் குளிர்க்காற்றுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று போதாது.

போக்குவரத்தில் குறை சொல்ல அதிகமில்லை. வென்ட்வொர்த்வில்லில் ஏறி லிட்கோம்பில் மாறினால் ஒலிம்பிக் பூங்கா ரயில் நிலையம். திரும்பும்போது கூட்டத்தைத் தடுப்புகளுக்குள் பகுதி பகுதியாக நிறுத்தி அனுப்பினார்கள். நாங்கள் அதிகபட்சம் நாற்பது நிமிடம் நின்றோம், அதுவும் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே. புளியோதரையைப் பூங்கா இருக்கையிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே போவது எங்கள் வழக்கமானது.

தங்குமிடம்தான் கசப்பான பகுதி. காலிறுதி பிரிஸ்பேனில் இருக்கும் என்று ஊகித்து நான் முன்கூட்டியே பதிவு செய்திருந்த ஓர் அறையை, டென்மார்க் ஆட்டம் முடிந்த மறுநாள் காலை உரிமையாளர் ரத்து செய்தார். மாலையில் அதே அறை, அதே படங்களோடு, இரண்டரை மடங்கு வாடகையில் மீண்டும் தளத்தில் இருந்தது. பணம் திரும்பி வந்தது, அறை வரவில்லை. கடைசியில் ஒரு தோழியின் வீட்டு வரவேற்பறையில் படுத்தோம். எனக்கு ஆன மொத்தச் செலவில் நுழைவுச்சீட்டுகளின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. மீதி முழுவதும் விமானத்துக்கும் அறைக்கும் போனது.

அத்தனை கசப்பையும் மறக்கச் செய்தது பிரிஸ்பேன் மைதானம். உள்ளூர்க்காரர்கள் லாங் பார்க் என்றே சொல்லும் அந்த இடம் நீள்சதுரமாகக் கட்டப்பட்டது. இருக்கைகள் செங்குத்தாக எழுவதால், பக்கவாட்டில் அமர்ந்திருந்த எங்களுக்குப் பந்து உதைபடும் ஓசைகூடக் கேட்டது. ஆகஸ்ட் 12 அன்று 49,461 பேர் முன்னிலையில் பிரான்சுடன் நடந்த காலிறுதி, கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0-0 என்றிருந்து பெனால்டிக்குச் சென்றது. பிரான்ஸ் அதற்கென்றே கோல்கீப்பரை மாற்றிச் சோலேன் துராந்தை இறக்கியது. ஆஸ்திரேலியக் கோல்கீப்பர் மெக்கன்சி ஆர்னல்ட் ஐந்தாவது உதையைத் தானே எடுக்க வந்தார்; போட்டால் வெற்றி. பந்து கம்பத்தில் பட்ட ஓசை எங்கள் வரிசை வரை வந்தது. பிறகு பிரான்சின் கென்சா தாலியின் உதையை அவர் தடுத்தார், கோல் கோட்டைத் தாண்டி முன்னே வந்துவிட்டார் என்று நடுவர் மறுபடி உதைக்கச் சொன்னார், மறுபடியும் தடுத்தார். என் மகள் அந்த இரண்டாவது தடுப்பைப் பார்க்கவே இல்லை, முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டிருந்தாள். இருபதாவது உதையில் ஆஸ்திரேலியாவின் கோர்ட்னி வைன் கோல் அடித்து 7-6 என்று முடித்தார். ஆண், பெண் இரு உலகக் கோப்பைகளிலும் இதைவிட நீண்ட பெனால்டிப் போட்டி அதுவரை நடந்ததில்லை.

அன்றிரவே மகள் கேட்டது ஆர்னல்டின் சட்டை. களத்தில் ஆடும் மற்றவர்களின் மஞ்சள் சட்டை எங்கும் கிடைத்தது. கோல்கீப்பரின் சட்டை விற்பனையிலேயே இல்லை. இங்கிலாந்துக் கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸ் இதே குறையைப் போட்டி தொடங்கும் முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அதற்கான கோரிக்கை மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அவரே இறுதியில் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறையும் பெற்றார். இந்த மாதத்தில் நான் சந்தித்த மோசமான வணிகக் கணிப்பு இதுதான். சட்டை செய்தவர்களுக்கு மகளிர் அணியின் விசிறி யார், அவள் எதை விரும்புவாள் என்பது பற்றி எந்த எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அரையிறுதியில் இங்கிலாந்திடம் 1-3 என்று தோற்றதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 63-ஆவது நிமிடத்தில் சாம் கெர் தனியே பந்தை ஓட்டிவந்து வெகுதொலைவிலிருந்து அடித்த கோலுக்கு எழுந்த சத்தத்தில் மேலடுக்கின் தரை அதிர்ந்தது, அது போதும். வீட்டிலிருந்தவர்களுக்கு அந்த ஆட்டம் சேனல் செவனில் இலவசமாகவே கிடைத்தது. சராசரியாக 71 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், அப்போதைய கணக்கெடுப்பு முறை 2001-இல் தொடங்கியதிலிருந்து அதுவே உச்சம். 64 ஆட்டங்களையும் பார்க்க விரும்புகிறவர் ஆப்டஸ் ஸ்போர்ட்டுக்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. மட்டில்டாஸ் ஆட்டங்களை மட்டும் பார்ப்பவருக்கு அது தேவைப்படவில்லை. மூன்றாம் இடத்துக்காக ஆகஸ்ட் 19 அன்று பிரிஸ்பேனில் ஸ்வீடனிடம் 0-2 என்று தோற்றதை நாங்கள் போர்வைக்குள் இருந்தபடியே பார்த்தோம்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைந்த ஒன்றில் பாதி அறை உரிமையாளருக்கும் பாதி சட்டைக்கும். அடுத்த உலகக் கோப்பை 2027-இல் பிரேசிலின் எட்டு நகரங்களில் நடக்கிறது. அங்கே போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து ஃபோர்ட்டலேசா போக வேண்டி வந்தால் மூவாயிரம் கிலோமீட்டர். யாராவது ஓர் அணியைப் பின்தொடரப் போவதாக இருந்தால், பிரிவில் முதலிடமும் இரண்டாமிடமும் எந்தெந்த நகரத்துக்குப் போகின்றன என்பதைப் பார்த்துவிட்டு, தனியார் அறையைத் தவிர்த்து, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய விடுதியை இரண்டு ஊரிலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.