ஆன்லைன் வகுப்பா, ஐந்து நாள் பயிற்சியா, ஆசாரி பட்டறையா?

ஈரோட்டிலோ தாராபுரத்திலோ வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை வீல்சேரில் சரியாக உட்கார வைக்கக் கற்றுக்கொள்ள மூன்று வழிகள் உண்டு.

ஆன்லைன் வகுப்புக்கு லீவு போட வேண்டாம், செலவும் குறைவு. அளவெடுப்பது, படிவம் நிரப்புவது, குஷன் வகைகள் எல்லாம் இதிலேயே வந்துவிடும். அதோடு சரி.

இரண்டாவது, ஐந்து நாள் நேரடிப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2012இல் வீல்சேர் சேவைக்கான அடிப்படைப் பயிற்சித் தொகுப்பை வெளியிட்டது. தாங்கல் இல்லாமல் உட்கார முடியாதவர்களுக்கான அடுத்த நிலை 2013இல் வந்தது. இந்த நேரடிப் பயிற்சியில்தான் கைக்கு வேலை. இடுப்பெலும்பை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நிமிர்த்திப் பார்ப்பார்கள். நிமிர்ந்து வந்தால் தாங்கல் கொடுத்து நேராக்கலாம். வராவிட்டால் இருக்கையைத்தான் உடம்புக்குத் தகுந்தாற்போல மாற்ற வேண்டும். வம்படியாக நிமிர்த்தினால் வலியும் புண்ணும்தான் மிஞ்சும். இதைத் திரையில் பார்த்துக் கற்க முடியாது.

ஒரு உதாரணம். குழந்தை சீட்டில் சறுக்கிக்கொண்டே முன்னால் வருகிறது. "ஏனுங்க, பெல்ட்டை இன்னும் இறுக்கிக் கட்டினா ஆகாதுங்களா?" என்று அம்மா கேட்பார். ஆன்லைனில் மட்டும் படித்தவர் அதற்குத் தலையாட்டிவிடக்கூடும். கை வைத்துப் பழகியவர் காலைப் பார்ப்பார். தொடையின் பின்தசை இறுகியிருக்கும்போது கால் தட்டு முன்னால் தள்ளியிருந்தால், அந்தத் தசை இடுப்பைப் பின்பக்கமாகச் சாய்த்து இழுக்கும். முதுகு கூன் போடும், உடம்பு சறுக்கும். தட்டைப் பின்னால் நகர்த்தி முழங்காலை மடக்கி வைத்தாலே பல சமயம் பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது, பட்டறை. கோயம்புத்தூர்ப் பக்கம் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் குஷன் தைப்பவருக்கும் பஞ்சமா? ஆசாரியோடு உட்கார்ந்து பிளைவுட்டும் ஃபோமும் வெட்டிப் பழகினால், அளவு மாற்றம் அன்றைக்கே முடியும். ஆனால் முதலில் உடம்பைத் தப்பாகக் கணித்திருந்தால், அந்தத் தப்பு பிளைவுட்டில் ஆணி அடித்து நிற்கும்.

என் கணக்கில் ஐந்து நாள் பயிற்சிதான் முதலில். ஆன்லைன் அதற்கு முன்தயாரிப்பு, பட்டறை அதற்குப் பின்னால். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பயிற்சிக்கு நிஜமாகவே வீல்சேர் தேவைப்படுபவர்கள் வருவார்களா, இல்லை ஒருவரையொருவர் நோயாளியாக நடித்துக்கொள்வதுதானா? சில மாதம் கழித்து நீங்கள் செய்து கொடுத்த இருக்கையைப் பார்க்கப் பயிற்சியாளர் வருவாரா? குழந்தை வளரும், இருக்கை வளராது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்டுகளுக்கு இந்த மறுபார்வை சுலபம். போகிற வழியில் டேப்பை எடுத்து அளந்துவிடலாம்.