கடலோர அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு: சிகிச்சை நன்று, தகவல்தான் இல்லை

மண்டபம் பக்கத்தில் காலில் திருக்கை மீனின் முள் குத்திய சித்தப்பாவை 108 வண்டியில் கொண்டுசென்ற இரவில், இராமநாதபுரம் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் சிகிச்சையையும், அங்கே வேறொரு நோயாளியின் உறவினர்கள் பயிற்சி மருத்துவர் ஒருவரின் சட்டையைப் பிடித்து உலுக்கியதையும் ஒருசேரக் காண நேர்ந்தது.

சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொறுக்கும் சூட்டிலான வெந்நீரில் காலை வைத்ததும் வலி தணியத் தொடங்கியது. முள் துணுக்கு உள்ளே தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, புண்ணைக் கழுவி, டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள்.

வருகிறவர்களை வந்த வரிசைப்படி அல்லாமல், உயிராபத்தின் அளவைக் கொண்டு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதே அவசரப் பிரிவின் முறை. இது காத்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. காய்ச்சலோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்த பெரியவரின் உறவினர்கள், பின்னால் வந்த விபத்து நோயாளி நேரே உள்ளே தள்ளிச் செல்லப்பட்டதைப் பார்த்ததும் சிபாரிசு என்றே முடிவுகட்டி, திரளாக உள்ளே நுழைந்து பயிற்சி மருத்துவரின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். தடுக்க நின்றது வயதான காவலாளி ஒருவர் மட்டுமே. செவிலியர் குறுக்கே வந்து நின்றிராவிட்டால் அடி விழுந்திருக்கும். பிறகு நெடுநேரம் பணி நின்றுபோனதில் நட்டப்பட்டவர்கள் மற்ற நோயாளிகள்தாம்.

‘மதுரைக்குக் கொண்டுபோங்கள்’ என்ற சொல்லும் இப்படித்தான் தீ மூட்டுகிறது. நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு என்பதால் உறவினர்களுக்கு அது கைகழுவுவதாகக் கேட்கிறது; இன்ன சிறப்பு மருத்துவர் இங்கே இரவில் இல்லை, அங்கே இருக்கிறார் என்று யாராவது ஒருவர் விளக்கினால் பாதிக் கோபம் அடங்கிவிடும். அந்த வேலைக்கென்று இங்கே ஆள் இல்லாததால், எதையும் தீர்மானிக்கும் அதிகாரமற்ற இளம் மருத்துவரே ஏச்சையும் வாங்கிக்கொள்கிறார்.

மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் சிறை என்று 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சுட்டும் பலகை வாசலில் பெரிதாகத் தொங்குகிறது. (ஆத்திரத்தில் வருபவர் பலகை படிப்பதில்லை.) மூன்று நிறங்களின் பொருளைச் சொல்லும் பலகையோ எங்கும் இல்லை. 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் அரசு மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டது நாடறிந்த செய்தி. அதன் பிறகும் இங்கே உடன் வருவோரை வாசலில் யாரும் எண்ணிக்கை பார்த்து அனுப்புவதில்லை.

சிகிச்சைக்காக மீண்டும் செல்ல நான் தயங்க மாட்டேன். செல்பவர்கள் நோயாளியுடன் ஒருவரை மட்டும் நிறுத்திவிட்டு, எந்த நிறத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைச் செவிலியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் பொறுமையாகவே சொல்கிறார்கள்.